சாம்பாரில் பருப்பு எங்கே?

"எங்கள் வீட்டில் தினம் சாம்பார்தான், சத்துக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்கும் சகோதரிகள் அநேகர். சாம்பார் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அதில் பருப்பு வந்து உட்கார்ந்துவிடுமா, என்ன? நாலு பேருக்கு ஒரு கைப்பிடித் துவரம் பருப்பை வேகவைத்து, புளியும் பொடியும் கரைத்து, 'இன்னும் ஒருவர் வந்தாலும் போதும்' என்று ஒரு சொம்புத் தண்ணீரையும் விட்டுவிடுகிறோம். பிறகு பருப்பைக் கண்டுபிடிக்கக் கரண்டியால் துழாவ வேண்டியிருக்கிறது!

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். பயப்படாதீர்கள், பால் கணக்கைவிடச் சுலபம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் தினமும் புரதம் வேண்டும் என்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். நாள் முழுவதுக்குமாக 250 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டால் சுமார் 20 கிராம் கிடைக்கும். 100 கிராம் துவரம் பருப்பில் சுமார் 22 கிராம். அதை நாலு பேர் பங்கிட்டால் தலைக்கு ஐந்தரை. பாலும் தயிருமாக 300 மில்லி சேர்ந்தால் இன்னொரு 10. கூட்டினால் 35-ஐத் தொடுகிறது. பாக்கி 15 கிராம் எங்கிருந்து வரும்?

"சாதத்தையே இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டால்?" என்று கேட்கிறீர்களா? வயிறு நிறையும்; குறை தீராது. புரதம் என்பது பல அமிலங்கள் சேர்ந்த சரக்கு. அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்ற அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு. தானியத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் அரிசி இருக்கிறது, விறகு இல்லை; அடுத்த வீட்டில் விறகு இருக்கிறது, அரிசி இல்லை. இரண்டு வீடும் சேர்ந்தால்தானே பொங்கல்!

தானியம் மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்லுகிறது. நம் அடுக்களைக்கு இது புதிதல்ல. இட்லிக்கு நாலுக்கு ஒன்று, வெண்பொங்கலுக்கு இரண்டுக்கு ஒன்று, அடைக்கு அரிசியும் பருப்பும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் அடை வாருங்கள். மாலையில் முறுக்குக்குப் பதில் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சுண்டலாகட்டும். சாம்பாரை ஒரு நாள் நிறுத்திவிட்டுப் பருப்பு உருண்டைக் குழம்பு வையுங்கள். உருண்டையை எண்ணிப் போடலாம், தண்ணீர் விட்டுப் பெருக்க முடியாது!

இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு சரக்கு டோஃபு. சீன தேசத்துப் பண்டம். சோயாப் பாலைத் திரித்துச் செய்த பனீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான டோஃபு 100 கிராமில் சுமார் 10 முதல் 15 கிராம் புரதம் உண்டு. கடையிலும் கிடைக்கிறது, வீட்டிலும் செய்யலாம்.

கால் கிலோ சோயா மொச்சையை இரவே ஊறப்போட்டு, மறுநாள் நைஸாக அரைத்து, இரண்டு லிட்டர் தண்ணீர் சேர்த்துத் துணியில் வடிகட்டுங்கள். பாலைக் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, பிறகு சிறு தீயில் பத்து நிமிஷம் வையுங்கள். அடுப்பை விட்டு நகர்ந்தால் பொங்கி வழிந்துவிடும்! சோயாவைப் பச்சையாகச் சாப்பிட்டால் ஜீரணமாகாது. இந்தக் கொதி அவசியம். இறக்கி, மூன்று எலுமிச்சம்பழச் சாற்றைத் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாக விட்டால் பால் திரியும். துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவியை அரை மணி ஏற்றி வைத்தால் டோஃபு தயார். மிஞ்சிய சக்கையை எறியாதீர்கள். அடை மாவில் சேரட்டும்.

"அதற்கு ருசியே இல்லையே!" என்பது வழக்கமான புகார். வாஸ்தவம். ஆனால் உப்பும் காரமும் சொன்னபடி கேட்கும் பிள்ளை அது. உதிர்த்து, கடுகு, பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துப் பொடிமாஸ் செய்து பாருங்கள். அவரைக்காயோடு உசிலியும் செய்யலாம். ஒன்று மட்டும்: டோஃபு வந்துவிட்டதே என்று பாலையும் தயிரையும் நிறுத்திவிட வேண்டாம். பி12 வைட்டமின் பருப்பிலும் இல்லை, டோஃபுவிலும் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவேண்டும்.

கடைசியாக, கணக்கில் வராத ஒருத்தி இருக்கிறாள். குழந்தைகளுக்குப் பரிமாறி, மாமியாருக்குப் போட்டு, கணவருக்கு 'இன்னும் கொஞ்சம்' என்று ஊற்றி, எல்லோரும் எழுந்த பிறகு மிச்சச் சாதத்தில் மோர் விட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறாளே, அவள்தான். தலைக்கு ஐந்தரை கிராம் என்றோமே, அவள் பங்கு பெரும்பாலும் பிறர் இலையில்தான் இருக்கும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மற்றவர்களைவிட அதிகம் வேண்டியிருக்க, பல வீடுகளில் அவர்கள்தான் கடைசிப் பந்தி!

நாளைக்குப் பருப்பு வெந்ததும், புளியைக் கரைப்பதற்கு முன்பே, கெட்டியாக ஒரு கிண்ணம் எடுத்து நெய் விட்டு மூடி வையுங்கள். யாருக்கு என்று கேட்டால், "எனக்கு" என்று சொல்லுங்கள்.