விளையும் பயிரும் வளரும் பனையும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாய்மொழி. நம் வீடுகளில் பிள்ளைகளைப் பற்றி வழங்கப்படும் தீர்ப்புகளுள் பெரும்பாலானவை இம்மொழியைத் துணைக்கொண்டே வழங்கப்படுகின்றன. இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்; இவள் கெட்டிக்காரி, இவளுக்கு அடுப்படியே போதும் என்று பன்னிரண்டு வயதிலேயே எழுதி முடித்துவிடுகிறோம். விளையாட்டுத் துறையிலும் இத்தகைய தீர்ப்பு ஒன்று அண்மை ஆண்டுகளில் நம் பகுதியில் பெருவழக்காகிவிட்டது. அதனைக் குறித்தே இத்திங்கள் நம் வாசகக் குடும்பங்களோடு சிறிது உரையாட விரும்புகிறோம்.

புரோ கபடிப் போட்டிகளுக்கான வீரர் ஏலம் நெருங்கும் நாள்களில் சாத்தான்குளம் கடைவீதியில் ஒரு தேநீர்க்கடை முன் சற்று நின்றால் போதும். நாளிதழ் ஒன்று நால்வர் கையில் நான்கு தாள்களாகப் பிரிந்திருக்கும். "அண்ணாச்சி, பழைய ஆட்களுக்கு ஏன் பணத்தைக் கொட்டவேண்டும்? அந்தப் பையனைப் பாருங்கள். போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்புவது மின்னலைப் போல் அல்லவா இருக்கிறது!" என்பார் ஒருவர். "தம்பி, மின்னல் ஒரு நொடிதான். நாற்பது நிமிடம் நின்று ஆட வேண்டாமா? கார்னரில் பிடிப்பதற்கு ஆள் இல்லாமல், பாடிப் போகிறவனை மட்டும் வாங்கி என்ன செய்வது?" என்பார் மூத்தவர். மூன்றாமவரோ, திருவிழா இரவுப் போட்டியில் தாம் கண்ட உள்ளூர் இளைஞன் ஒருவனின் பெயரைச் சொல்லி, "அவனை ஒருமுறை இவர்கள் கண்ணில் காட்டினால் முப்பது இலட்சம் நிச்சயம்" என்று அடித்துப் பேசுவார்.

இவ்விவாதத்தில் தவறொன்றும் இல்லை. ஓர் ஆட்டத்தை உண்மையாக நேசிப்பவனே அதில் புதிதாய் வருபவனைக் கூர்ந்து நோக்குவான். கோவில் கொடையிலும் ஆலயத் திருவிழாவிலும் இரவு முழுதும் விளக்கொளியில் சடுகுடு பார்த்து வளர்ந்த மக்கள் நாம். பிடியின் நுட்பமும் பாய்ச்சலின் அழகும் நமக்கு எவரும் கற்பித்துத் தெரிய வேண்டியன அல்ல. ஆனால் அப்பேச்சு ஆட்டத்தை விட்டு விலைக்குத் தாவும்போதுதான் சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதே கடையின் ஓரத்தில், பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் அனைத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வேலை தேடி வந்த காலம்

ஆழ்வார்திருநகரிக்கு அண்மையிலுள்ள மணத்தியை நம் வாசகர் அறிவர். அவ்வூரினரான மணத்தி கணேசன், 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர்; அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்வின் தாக்கத்தில் உருவாகி 2025 அக்டோபரில் வெளிவந்த 'பைசன்' திரைப்படம், அப்பெயரை இளந்தலைமுறையினரிடமும் கொண்டு சேர்த்தது. அவர் ஆடிய நாளில் ஏலம் இல்லை. நன்றாக ஆடும் இளைஞனைத் தேடி வந்தது வேலை. இரயில்வே, காவல்துறை, வங்கிகள், ஆலைகள் முதலியவை தத்தம் அணிகளுக்கு ஆள் சேர்த்தன. கிடைத்த ஊதியம் பெரிதன்று. எனினும் கால் ஒடிந்தாலும் அடுப்பு எரிந்தது.

2014இல் எட்டு அணிகளுடன் புரோ கபடிப் போட்டிகள் தொடங்கியபின் நிலை மாறிற்று. முதல் ஏலத்தில் மிகுந்த விலை பெற்றவர் ராகேஷ் குமார். பாட்னா அணி அவருக்கு 12 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. 2017இல் தமிழ் தலைவாஸ் உட்பட நான்கு அணிகள் புதிதாய்ச் சேர்ந்தன. 2018இல் ஒரு வீரரின் விலை முதன்முறையாகக் கோடியைத் தாண்டியது. 2023ஆம் ஆண்டு ஏலத்தில் வீரர்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டு, 30 இலட்சம், 20 இலட்சம், 13 இலட்சம், 9 இலட்சம் என அடிப்படை விலை குறிக்கப்பட்டது. ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய தொகை 5 கோடி.

கபடி வீரன் நல்ல பொருள் ஈட்டுவதை நாம் மனமார வரவேற்கிறோம். புழுதியில் விழுந்து எழுந்தவர்க்குக் காலம் கடந்து கிடைத்த மதிப்பு அது. நாம் கேட்பது வேறு. அவ்விலை ஒருவனைப் பற்றி நமக்கு எதனைச் சொல்கிறது?

விலை சொல்லாதவை

2022ஆம் ஆண்டு ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி, புகழ்பெற்ற வீரரான பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை எவரும் பெறாத விலை. கடைவீதியில் அன்று கோப்பையே கைக்கு வந்துவிட்டதுபோல் பேச்சு. ஆனால் அவ்வாண்டு அக்டோபரில், அணியின் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் காயமுற்று, அத்தொடர் முழுவதும் ஆட இயலாமற் போயிற்று. "தலைவாஸ் கதை முடிந்தது" என்றனர் அதே கடைவீதியினர். அவர் விட்ட இடத்தில் பாடிச் சென்றவர், அத்தொடரில்தான் முதன்முதலாகக் களமிறங்கிய நரேந்தர் என்னும் இளைஞர். ஏலத்திற்கு முந்திய நம் விவாதங்களில் அவர் பெயரைச் சொன்னவர் அரியர். அவர் அத்தொடரில் 243 புள்ளிகளைப் பாடி எடுத்தார். தமிழ் தலைவாஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதியை எட்டியது.

பவன் செராவத்தின் திறமையில் குறையொன்றும் இல்லை. முழங்காலின் தசைநாருக்குத் தன் உரிமையாளனின் விலை தெரியாது, அவ்வளவே.

கிரிக்கெட்டிலும் இதே பாடம் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியினரான நடராஜனை 2017இல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடுத்த ஆண்டே அவர் விலை 40 இலட்சமாயிற்று. ஆள் அதே ஆள். இடக்கையும் அதே இடக்கை. ஐதராபாத் அணியில் அவர் பொறுமையாய்க் காத்திருந்தார். 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணியில் மூவகை ஆட்டங்களிலும் இடம்பெற்று, 2021 சனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டிலும் பந்து வீசினார். விலை இறங்கிய நாளில் அவரை நம்பாதவர்கள், அவர் ஏறிய நாளில் கைதட்டினார்கள்.

ஆஸ்திரேலியாவில் விலையே இல்லாத முறை ஒன்று இருக்கிறது. பக்கத்துக்குப் பதினெண்மர் முட்டைவடிவப் பந்தைக் காலாலும் கையாலும் செலுத்தி ஆடும் கால்பந்து அந்நாட்டில் புகழ்பெற்றது. ஆண்டுதோறும் பதினெட்டு வயதை எட்டும் இளைஞர்களின் பட்டியலிலிருந்து அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. சென்ற ஆண்டு கடைசியாய் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. 1986 முதல் இம்முறை நடைபெறுகிறது. அதற்கு முந்திய வாரங்களில் அந்நாட்டு ரசிகர்களும் நம்மவரைப் போலவே, எவன் முதலில் வருவான், எவன் தேறமாட்டான் என்று ஓயாது வாதிடுகின்றனர். அங்கே 1990ஆம் ஆண்டுத் தேர்வில் ஜேம்ஸ் ஹேர்டு என்பவர் 79ஆவது பெயராக அழைக்கப்பட்டார். ஆறே ஆண்டுகளில், ஆண்டின் சிறந்த வீரர்க்குரிய பதக்கத்தை அவர் பகிர்ந்து பெற்றார். 2000இல் தம் அணியைத் தலைமையேற்றுக் கோப்பைக்கு நடத்தினார்.

இந்திய நாட்டிலும் ஐ.பி.எல். தொடங்கிய 2008இல், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர்க்கான உலகக் கோப்பையை வென்றுவந்த பிள்ளைகள் இவ்வாறு முறைவைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டனர். டெல்லி அணி தன் வாய்ப்பு வந்தபோது, தன் நகரப் பிள்ளையும் அவ்வணியின் தலைவருமான விராட் கோலியை விட்டுவிட்டு, பந்துவீச்சாளர் பிரதீப் சங்வானைத் தேர்ந்தது. மட்டையாளர் பலர் ஏற்கெனவே இருந்தமையால் அதுவும் நியாயமான முடிவே. கோலியைப் பெங்களூர் அணி எடுத்துக்கொண்டது. அறிவும் அனுபவமும் உடையோர், நியாயமான காரணங்களோடு செய்யும் கணிப்பே இவ்வாறு ஆகுமாயின், தேநீர் ஆறுவதற்குள் நாம் கூறும் தீர்ப்பு எம்மாத்திரம்?

ஏன் பிழைக்கிறது?

பதினேழு வயது உடல் இன்னும் முடிவுறாத உடல். நம் ஊர்ப் போட்டிகள் பலவும் எடை வரம்பிட்டு நடைபெறுகின்றன. வரம்புக்குள் நின்று நழுவி ஓடும் சிறுவன், ஊர்ப் போட்டியில் அசைக்கவியலாதவனாய்த் தோன்றுவான். வளர்ந்து பெரியவர்களின் களத்துக்குச் செல்லும்போது, 85 கிலோ வரை எடையுள்ள எதிரிகள் அவன் கணுக்காலைப் பற்றுவர். அதுபோலவே, மண்தரையில் வெறுங்காலுடன் கற்ற அடிவைப்பு, செயற்கை விரிப்பில் காலணியுடன் ஆடும்போது வேறாகிறது. சிலர் அங்கே தடுமாறுவர். ஊரில் மந்தமாய்த் தெரிந்த வேறு சிலரோ அங்கேதான் மலர்வர்.

மேலும், நம் கண் எப்போதும் பாடிப் போகிறவன் மேலேயே நிற்கிறது. முப்பது நொடிக்குள் அவன் காட்டும் விந்தையை எவரும் காணலாம். ஆனால் கைகோத்து நின்று, பக்கத்திலிருப்பவன் பாயும் அந்தக் கணத்தில் தானும் பாய்கிறவனின் அருமை எளிதில் தெரிவதில்லை. தோல்வியில் எப்படி நடந்துகொள்கிறான், சொன்ன நேரத்துக்குப் பயிற்சிக்கு வருகிறானா, காயத்தை மறைக்கிறானா என்பனவெல்லாம் கைப்பேசியில் சுற்றும் ஒரு நிமிடக் காட்சியில் அடங்கா.

நம் தேரிக்காட்டுப் பெரியோர் இதனை வேறு வழியாக அறிந்தவர்கள். பயிரின் தன்மை முளையில் தெரியலாம். பனையின் தன்மை முளையில் தெரிவதில்லை. பனங்கொட்டை முதலில் மேல்நோக்கி வளராது. கிழங்காய் மண்ணுக்குள் இறங்கும். பல ஆண்டுகள் அது வெறும் வடலியாகவே நிற்கும். ஆண்பனையா பெண்பனையா என்பதும், பாளை விடும்வரை பனையேறிப் பழுத்த கைகளுக்கும் தெரியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை எவரும் வடலியை வெட்டி எறிவதில்லை. பிள்ளைகளுள் நெற்பயிரைப் போன்றவரும் உண்டு. பனையைப் போன்றவரும் உண்டு.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

ஏலப் பட்டியலில் பெயர் வரும் என்று நம்பிப் பன்னிரண்டாம் வகுப்பை இடையில் நிறுத்தும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். பெயர் வராத அன்று, அவனுக்கு ஆட்டமும் இல்லை, படிப்பும் இல்லை. இதில் பிள்ளையின் பிழை சிறிது. சுற்றி நின்று விலை கூறியவர்களின் பிழை பெரிது. எனவே சிலவற்றை நினைவூட்டுகிறோம்.

விளையாட்டையும் படிப்பையும் எதிரிகளாக்காதீர்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளில் படித்துக்கொண்டே பயிற்சி பெறலாம். மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பெரும்பாலான பணிகளுக்கு வெற்றிச் சான்றிதழோடு கல்விச் சான்றிதழும் வேண்டும். போட்டிச் சான்றிதழ்களை மூட்டைக்குள் போட்டுவிடாமல் ஒழுங்காய்ச் சேர்த்து வையுங்கள்.

"பெரிய அணியில் சேர்த்துவிடுகிறேன்" என்று முன்பணம் கேட்டு வருபவரை நம்பாதீர்கள். எந்தத் தாளிலும், படித்தறிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டா. பதினெட்டு வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டப்படி தகுதியற்றவர் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். முழங்காலில் வலி என்று பிள்ளை சொன்னால் எண்ணெய் தேய்த்து மறுநாளே களத்துக்கு அனுப்பாமல், எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடல் பெருக்க என்று எவரோ தரும் மாவையும் மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்காதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்டால் "எனக்குத் தெரியாது" என்னும் மறுமொழி செல்லாது.

இன்னொன்று. ஏலப் பேச்சில் நம் பெண்பிள்ளைகளின் பெயர் வருவதே இல்லை. 2025 அக்டோபரில் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றது. அவ்வணியின் துணைத் தலைவி கார்த்திகா, சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்தவர். எந்த ஏலமும் அவருக்கு விலை குறித்திருக்கவில்லை. இருந்தும் வீட்டில் ஒருவரும் பயிற்சியில் ஒருவரும் நம்பியிருந்தால் போதும் என்பதற்கு அவர் சான்று. உங்கள் மகள் களத்துக்குப் போக விரும்பினால், "ஊர் என்ன சொல்லும்" என்று கேட்பதற்கு முன், அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.

அடுத்த ஏலம் வரும்போதும் நம் கடைவீதிகளில் விவாதம் நடக்கும்; நடக்கட்டும். அவன் பாய்ச்சலைப் புகழுங்கள், பிடியைக் குறை சொல்லுங்கள், அணிக்கு யார் தேவை என்று நள்ளிரவு வரை வாதிடுங்கள். ஆனால் ஓரத்தில் அமர்ந்து கேட்கும் பிள்ளையின் காதில், "இவன் இத்தனை இலட்சம் பெறுவான், அவன் எதற்கும் உதவான்" என்னும் சொல் விழ வேண்டா. ஏலம் ஒருநாள் நடந்து முடியும். அன்று மாலை பெயர் அழைக்கப்பட்டவனும் அழைக்கப்படாதவனும் வீடு திரும்புவார்கள். இருவர்க்கும் இலையில் ஒரே சோறு, ஒரே முகம் காட்டிப் பரிமாறும் வீடாக நம் வீடு இருக்கட்டும்.