ஆஸ்பத்திரியில் விழுந்தால் யார் பொறுப்பு?

ஜுரத்துக்கு வைத்தியம் பார்க்கப் போன பாட்டி, இடுப்பு எலும்பு முறிந்து வீட்டுக்கு வருகிறாள். "கிரகம் சரியில்லை" என்கிறார்கள் உறவினர்கள். "பார்த்து நடந்திருக்க வேண்டும்" என்கிறார்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். இரண்டும் தவறு என்பது என் கட்சி.

உலகத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சாகிறவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். ஆஸ்பத்திரியில் விழுகிறவர்களில் பலர் எங்கே போகும்போது விழுகிறார்கள் தெரியுமா? கக்கூசுக்குப் போகும்போது!

எழுப்ப மனமில்லை

பெரியபாளையம் பக்கத்தில், ஆரணி ஆற்றங்கரைக் கிராமத்தில் இருந்து அப்படி ஒரு பாட்டி வருவதாக வைத்துக் கொள்வோம். வயது 70. சர்க்கரை வியாதி உண்டு. போன மாதம் வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்தவள். ஜுரம் என்று பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. துணைக்கு வந்த மருமகள் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருக்கிறாள். பகல் முழுவதும் மருந்துச் சீட்டோடு அலைந்தவள் அவள்.

இரவு 2 மணி. பாட்டிக்கு அவசரம். மருமகளை எழுப்பலாமா என்று பார்க்கிறாள். "பாவம், இப்பத்தானே கண்ணை மூடினா. நாலு எட்டுதானே, நானே போய்ட்டு வந்துடறேன்" என்று எழுந்து விடுகிறாள்.

கட்டில் உயரம். கால் தரைக்கு எட்டவில்லை. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ரத்தக் கொதிப்புக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை சாப்பிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். விளக்கை அணைத்து விட்டார்கள். செருப்பு வார்டுக்கு வெளியே கிடக்கிறது. கக்கூஸ் வாசலில் ஈரம். ஒரு கையில் குளுக்கோஸ் ஏற்றும் கம்பி. இன்னொரு கைக்குப் பிடித்துக் கொள்ளச் சுவரில் ஒன்றுமே இல்லை.

இதில் பாட்டியின் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? பிறர் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தாளே, அதுவா?

நர்சம்மாவைக் கூப்பிட்டு இதைப் போய்ச் சொல்வதா என்று பெண்களுக்குக் கூச்சம். ஆண்களுக்கோ வீறாப்பு. "என்னால் நடக்க முடியாதா?" என்பார்கள். விழுகிற வரையில் அந்த வீறாப்பு குறையாது!

115 மார்க்!

யார் விழுவார் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாதா? ஓரளவுக்கு முடியும். ஜானிஸ் மோர்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1989-ல் அதற்கு ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆறே கேள்விகள். எந்த நர்சும் சில நிமிடங்களில் போட்டு விடலாம்.

நம் பாட்டிக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பே விழுந்திருக்கிறாளா? ஆம், 25. ஒரு வியாதிக்கு மேல் உண்டா? ஜுரத்தோடு சர்க்கரையும் உண்டு, 15. கட்டிலையும் மேஜையையும் பிடித்து நடக்கிறாளா? 30. குளுக்கோஸ் ஏறுகிறதா? 20. நடை தளர்ந்திருக்கிறதா? 10. கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. தன்னால் முடியாததை முடியும் என்று நினைக்கிறாளா? "நானே போய்ட்டு வந்துடறேன்" என்றாளே! அதற்கு 15.

மொத்தம் 115. முழு மார்க்கே 125தான். பல ஆஸ்பத்திரிகளில் 45 வந்தாலே ஆபத்து என்று கட்டிலில் அடையாளம் கட்டி விடுகிறார்கள்.

அடையாளம் கட்டினால் மட்டும் போதாது. கூச்சப்படுகிறவரிடம் "வேண்டுமானால் கூப்பிடு" என்று சொல்லிப் பயன் இல்லை. நாம்தான் போய்க் கேட்க வேண்டும். படுக்கும் முன் ஒரு தடவை, நடுநிசியில் ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை. "வாங்க பாட்டி, போய்ட்டு வந்துடலாம்" என்று கூப்பிட்டால் எந்தப் பாட்டியும் மறுக்க மாட்டாள். எழுப்பும்போது கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு ஓரிரண்டு நிமிடம் உட்கார வைக்க வேண்டும். தலை சுற்றவில்லை என்றால் நிற்கட்டும். பிறகு நடக்கட்டும்.

நர்சுகளுக்கு இருக்கிற வேலை போதாதா என்கிறீர்களா? நியாயம்தான். அப்படியானால் துணைக்கு வருகிற மருமகளுக்கு இதைச் சேர்க்கிற அன்றே சொல்லிக் கொடுங்கள். மருந்துச் சீட்டைக் கொடுக்கிறோம், இதைச் சொல்வதில்லை.

கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு போட்டு விடலாமே என்பார் சிலர். புத்தி தடுமாறிய நோயாளி அதன் மேலும் ஏறுவார். இன்னும் உயரத்தில் இருந்து விழுவார். கட்டிலைத் தாழ்த்துவதே மேல். கையைக் கட்டிப் போடுவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

மகனுக்கு ஒரு நியாயம்

பாட்டியின் மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கே அவன் வழுக்கி விழக் கூடாது என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தரையில் வழுக்கும் பொருள் இருக்கக் கூடாது, படிகளுக்குத் தேவையான இடத்தில் கைப்பிடி வேண்டும் என்றது அந்தச் சட்டம். அடிபட்டு 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாவிட்டால் அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும் என்றும் சொன்னது.

அவன் தாய் ஆஸ்பத்திரியில் விழுந்தால்? தரச் சான்று பெற்ற ஆஸ்பத்திரிகள் குறித்து வைக்கின்றன. மற்ற இடங்களில் எல்லாம் எழுதுகிறார்களா?

அமெரிக்காவில் முதியோருக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ், 2008 அக்டோபர் முதல் ஒரு விதி வைத்தது. ஆஸ்பத்திரிக்குள் விழுந்து எலும்பு முறிந்தால் அதற்கான கூடுதல் வைத்தியச் செலவை ஆஸ்பத்திரிக்குத் தர மாட்டோம் என்றது. நம் ஊருக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். அபராதத்துக்குப் பயந்து நோயாளியை எழுந்திருக்கவே விடாமல் படுக்க வைத்து விட்டால், உள்ள பலமும் போய் விடும்.

வார்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விழுந்தவர் வயது, மணி, இடம், எதற்காக எழுந்தார், விளக்கு எரிந்ததா, தரை ஈரமா. இவ்வளவும் எழுதட்டும். நர்சின் பெயரை எழுத வேண்டாம்; எழுதச் சொன்னால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். மூன்று மாதம் போனால், எந்தக் கக்கூஸ் வாசலில் அடிக்கடி விழுகிறார்கள் என்பது தெரிந்து விடும். கைப்பிடியை முதலில் அங்கே அடிக்கலாம்.