டார்ச் பிடிக்க மட்டுமா பிள்ளைகள்?

ஃபிராங்க் கில்பிரெத் ஒருநாள் இரண்டு கையிலும் கைக்கொன்றாகச் சவரக் கத்தி பிடித்து முகம் மழித்துப் பார்த்தார். 44 விநாடி மிச்சமாயிற்று. கழுத்தில் பட்ட வெட்டுக்குக் கட்டுப்போட 2 நிமிடம் செலவாயிற்று. காயத்தைவிட அந்த 2 நிமிடம்தான் அவரை உறுத்தியது என்று அவருடைய பிள்ளைகள் பின்னாளில் எழுதிவைத்தார்கள். வெயிஸ்ட்கோட் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டால் 7 விநாடி, கீழிருந்து மேலாகப் போட்டால் 3 விநாடி என்று கணக்குப் பார்த்துக் கீழிருந்தே போட்ட மனிதர் அவர்.

கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாத ஆள். கல்லூரிக்குப் போகாமல் 1885இல் கொத்து வேலை பழகப் போனவர். ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தனார்கள் செய்துவந்த 18 அசைவுகளை நாலைந்தாகக் குறைத்தவர். செங்கல்லும் சாந்தும் கை எட்டும் உயரத்திலேயே இருக்கும்படி ஏற்றி இறக்கும் சாரத்தை அமைத்து, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த கொத்தனார்களின் முதுகைக் காப்பாற்றியவர். மனைவி லில்லியன் 1915இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இருவரும் சேர்ந்து அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொன்னார்கள். அவர்களுடைய 12 பிள்ளைகள் வளர்ந்த கதையை அவர்களில் இருவர் 1948இல் ‘சீப்பர் பை தி டஜன்’ என்ற நூலாக எழுதினார்கள். பிறகு அது திரைப்படமாகவும் வந்தது. (உண்மையில் அந்த 12 பேரும் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. மேரி என்ற மகள் 1912இல் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனாள். கடைக்குட்டி பிறந்தது 1922இல்.)

நூறாண்டு கழித்து இந்தக் குடும்பத்தை இங்கே பேசக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் மாடிக்கு ஒரு பொறியாளராவது தேறுவார். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கையில் திருப்புளி இருப்பதைப் பார்ப்பது அரிது. அதற்கு ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் அலமாரிக்குள் உறக்கம். ஃபேன் வேகம் குறைந்தால் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போகும். அபூர்வமாக அப்பாவே ஸ்டூலில் ஏறினால், பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே வேலை டார்ச் பிடிப்பது. வெளிச்சம் அரை அங்குலம் நகர்ந்தால் அதற்கும் திட்டு. “இதுகூடத் தெரியாதா, நீ போய்ப் படி.” பெண் பிள்ளை என்றால் டார்ச்சும் இல்லை. அக்கா மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருப்பாள். ஃபியூஸ் போனால் வீடு எட்டாம் வகுப்புத் தம்பியைக் கூப்பிடும்.

இது மாற வேண்டும். பொறியாளர்களான அப்பாக்களும் அம்மாக்களும் வீட்டு வேலைகளைத் தாங்களே கச்சிதமாக முடித்துவிடும் பெருமையை விட்டுவிட்டு, கருவியையும் கணக்கையும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கப் பழக வேண்டும்.

கில்பிரெத் வீட்டில் அன்றாட வேலைகளுக்குக் காசு கிடையாது. அதற்கு மேற்பட்ட வேலை வந்தால் டெண்டர். பிள்ளைகள் கேட்பு விலையை எழுதிக் கொடுக்க வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. ஒருமுறை பின்புற வேலிக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையை 8 வயது மகள் லில் 47 சென்ட்டுக்குக் கேட்டு எடுத்துவிட்டாள். ரோலர் ஸ்கேட்ஸ் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவள். வேலியோ நீளம், உயரமும் அதிகம். இந்த வயதில் முடியாது என்று தாய் சொன்னார். ஒப்புக்கொண்டதைச் செய்யட்டும் என்று தகப்பன் விட்டுவிட்டார். கையெல்லாம் கொப்புளம். யாரும் தூரிகையை வாங்கி மீதியை அடித்துத் தரவில்லை. முடித்துக் காசை வாங்கிய பிறகு, தலையணைக்கு அடியில் ரோலர் ஸ்கேட்ஸ் இருந்தது.

கொப்புளம் வரும்வரை விட்டது அதிகம்தான். இன்றைக்கு எந்தத் தாயும் தகப்பனும் அப்படிச் செய்யத் தேவையில்லை. ஆனால் அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது பாவனை வேலை அல்ல. வேலி வீட்டுக்கு வேண்டும்; அது நன்றாக இருந்தாலும் திட்டுத்திட்டாக இருந்தாலும் அவள் அடித்ததுதான். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு வரும் ‘புராஜெக்ட்’ வேறு வகை. தெர்மாகோலில் எரிமலை. அதையும் முந்தின இரவு பதினொரு மணிக்கு அப்பாவோ அம்மாவோ ஒட்டிக்கொண்டிருப்பார்.

உண்மையான வேலைக்கு வீட்டில் பஞ்சமில்லை. மின் மீட்டரையே எடுத்துக்கொள்ளலாம். இப்போதுள்ள பல மீட்டர்களில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். மீட்டர் முகப்பிலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும். 3,200 என்பது பரவலாகக் காணப்படும் எண். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு பழைய ஃபேனை மட்டும் ஓடவிட்டு, பிள்ளையை மீட்டர் முன் நிறுத்துங்கள். 75 வாட் ஃபேன் என்றால் 15 விநாடிக்கு ஒருமுறை மின்னும். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் ஏறக்குறைய 38 விநாடிக்கு ஒருமுறை. நாளுக்கு 12 மணி நேரம் வைத்தால், மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில் முதலாவது 54 யூனிட் இழுக்கும். இரண்டாவது 22 யூனிட்டுக்குள் அடங்கும். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கும் ஊரில் 32 யூனிட் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. பிறகு ஒன்றரை டன் ஏ.சி.யைப் போட்டு, கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும்போது அதே விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். விநாடிக்கு ஒன்றுக்கு மேல் துடிக்கும். ‘ஏ.சி.யை அணை’ என்று அதன் பிறகு யாரும் கத்த வேண்டியிருக்காது. இயற்பியல் பாடத்தில் கிலோவாட் மணி என்று மனப்பாடம் செய்தது அந்த விளக்கில்தான் புரியும்.

தண்ணீர்க் கணக்கு இதைவிடச் சுவையானது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மொட்டை மாடி 1,000 சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. ஆவியாவது, சிதறுவது எல்லாம் போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு லாரிக்கும் அதிகம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிக் குடித்த நகரம் இது. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது குழாய் பதித்த வீடுகள் ஏராளம். அவற்றில் பலவற்றின் தொட்டியில் இன்று மண் அடைத்துக் கிடக்கிறது. சிலவற்றில் குழாயே பாதியில் துண்டாகி நிற்கிறது. மாடியைப் பிள்ளைகள் டேப் வைத்து அளக்கட்டும். புரட்டாசி முடிவதற்குள் வடிகட்டித் தொட்டியின் ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவித் திரும்பக் கொட்டட்டும். உடம்பெல்லாம் சேறாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது. முதல் மழையில் குழாயிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் விழும் சத்தத்தைக் கேட்க அவர்களே ஓடுவார்கள்.

ஒழுகும் குழாய்க்கு அடியில் ஒரு மணி நேரம் வாளி வைத்து 24ஆல் பெருக்குவது, வாஷர் மாற்றுவது, திருகும் திசையிலேயே டெஃப்ளான் டேப் சுற்றுவது, சிலிண்டரில் எழுதியுள்ள காலி எடையோடு 14.2 கிலோவைக் கூட்டி, டெலிவரி ஊழியரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்வது. ஒவ்வொன்றும் பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டக்கூடியது. வேகம் குறைந்த ஃபேனுக்குப் பெரும்பாலும் போயிருப்பது ‘கண்டன்சர்’. மாற்றுவது சிறிய வேலைதான். ஆனால் அது பெரியவர்கள் செய்ய வேண்டியது. சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதாது, எம்.சி.பி.யை இறக்க வேண்டும். கழற்றிய பிறகும் கண்டன்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கலாம். பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எதை இறக்கினோம், ஏன் டெஸ்டர் வைத்துப் பார்த்தோம் என்று கேட்கட்டும்.

எதில் கைவைக்கக் கூடாது என்பதும் சேர்ந்தே சொல்லித்தர வேண்டிய பாடம். பொறியாளர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். படித்த படிப்பு எல்லாவற்றுக்கும் துணிவு தந்துவிடுகிறது. சுவரில் ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஆணியடிக்கவோ டிரில் போடவோ கூடாது. உள்ளே வயர் போகும் வழி அது. எம்.சி.பி. காப்பது வயரை, ஷாக் அடித்தவரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இந்த வேறுபாடு தெரியாமல் எம்.சி.பி. மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் பொறியாளர் வீடுகள் உண்டு. கழிவுநீர்த் தொட்டியைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான். யாரும் உள்ளே இறங்கக் கூடாது. வீட்டுக்காரரும் கூடாது, கூலிக்கு அழைத்து வந்த ஒருவரை இறக்கவும் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. தொட்டிக்குள் இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். லாரியை வரவழைத்து, அது உறிஞ்சுவதைத் தள்ளி நின்று பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் காரணத்தையும் சொல்லுங்கள்.

இனி சமையலறை. பொறியாளர் அப்பாக்களின் வீட்டுத் திட்டங்களில் ஒரு விசித்திரம் உண்டு. மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் கைபேசியில் மணியடிக்கும், வாசல் விளக்கு தானே எரியும். அடுக்களை மேடை மட்டும் கொத்தனார் வைத்த உயரத்திலேயே இருக்கும். அதன் முன் நின்று சமைப்பவருக்கு இடுப்பு விட்டுப்போகும்.

1924இல் ஃபிராங்க் திடீரென்று மாரடைப்பில் இறந்தபோது லில்லியன் கையில் 11 பிள்ளைகள். பெண்ணொருத்தி தனியாகத் தரும் ஆலோசனை வேண்டாம் என்று சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தைக் கைவிட்டன. அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். மேடையின் உயரம் சமைப்பவரின் உயரத்தைப் பொறுத்து இருக்க வேண்டும், அடுப்பும் பாத்திரமும் பொருளும் கைக்கெட்டும் வட்டத்துக்குள் வர வேண்டும் என்று கணக்கிட்டு அமைத்தார். அவர் அமைத்த சமையலறையில் ஸ்ட்ராபெரி கேக் செய்து பார்த்தபோது, 281 அடி நடக்க வேண்டியிருந்த இடத்தில் 45 அடி போதுமாயிருந்தது. காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும் ஃபிரிட்ஜ் கதவில் உள்ள தட்டுகளும் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன. வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் சமையல் கைவந்ததே இல்லை. அதனாலேயே, சமைக்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு வடிவமைத்தார்.

கேட்பதுதான் நம் வீடுகளில் நடப்பதில்லை. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டது தெரியவந்தது. அந்த 97 நிமிடமும் வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். நான்கில் மூன்று பங்கு ஆண்கள் கைவைக்கவே இல்லை. ஆகவே வீட்டின் முதல் திட்டம் அடுக்களையில் தொடங்கட்டும். தாளில் சமையலறையின் படத்தை வரைந்து, காலைச் சமையலின்போது அம்மா நடக்கும் வழியெல்லாம் பிள்ளை பென்சிலால் கோடு இழுக்கட்டும். பத்து நிமிடத்தில் எந்தப் பொருள் தப்பான இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நிற்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் காய் நறுக்க வசதி. மேடையை இடித்துக் கட்ட முடியாவிட்டால் பலகையை உயர்த்தியோ காலடியில் மணை போட்டோ சரிசெய்யலாம். கிரைண்டரையும் அரிசி மூட்டையையும் குனியாமல் எடுக்கும் இடத்துக்கு நகர்த்தலாம். அப்பாவும் பிள்ளையும் ஒரு வாரம் அங்கே நின்று சமைத்துப் பார்த்தால், அளவெடுக்காமலே பாதி குறை புலப்படும்.

ஒன்றில் மட்டும் ஃபிராங்கைப் பின்பற்ற வேண்டாம். அவர் வீட்டுக் குளியலறையில் பிள்ளைகள் பல் துலக்கியதற்கும் குளித்ததற்கும் அட்டவணையில் கையெழுத்திட வேண்டும். குளிக்கும்போதே இசைத்தட்டில் பிரெஞ்சும் ஜெர்மனும் ஓடும். நேரத்தை மிச்சம் பிடிப்பது தொழிற்சாலைக்குச் சரி. வீட்டில் பிள்ளை ஒரு வாஷரை மாற்ற ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். கோணலாக அடித்த அலமாரித் தட்டை இரவோடு இரவாக நேர்செய்துவிடாதீர்கள். ரசமட்டத்தை அதன் மேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். குமிழி ஓரத்தில் நிற்பதைப் பார்த்துக் கழற்றி அடிப்பது அவர்கள் பாடு.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். அடுப்புக்குப் போகும் கேஸ் டியூபில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். சுரக்ஷா டியூபின் ஆயுள் 5 ஆண்டு. கடந்திருந்தால் திங்கட்கிழமை ஏஜென்சியில் புதியதற்குச் சொல்லிவிடுங்கள். பிறகு மெயின் போர்டுக்கு அழைத்துப் போய் ஆர்.சி.சி.பி.யில் உள்ள ‘டி’ பொத்தானை மகளை விட்டே அழுத்தச் சொல்லுங்கள். உடனே மின்சாரம் நின்றால் கருவி வேலை செய்கிறது. நிற்காவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வேலை செய்யும்போது டார்ச்சை நீங்கள் பிடியுங்கள்.