ரோட்டரியில் சேரலாமா?

“சாமி, கத்தோலிக்கர் ரோட்டரி சங்கத்தில் சேரலாகாது என்று என் தாத்தா சொல்லுவார், மெய்தானா?” என்று பாடியில் ஆலைப்பணி புரியும் இளைஞர் ஒருவர் வினவியுள்ளார்.

தாத்தா கூறியது பொய்யன்று. 1951 ஜனவரியில் வெளியான உரோமை ஆணை, குருக்கள் அச்சங்கத்தில் சேருவதைத் தடுத்தது, பொதுநிலையினரையும் எச்சரித்தது. அங்கே ஃபிரீமேசன் சாயல் படியுமோ, விசுவாசம் மழுங்குமோ என்னும் ஐயமே காரணம். காலப்போக்கில் ஐயம் தணிந்தது. 1979-இல் உரோமையில் கூடிய ரோட்டரி மாநாட்டினருக்குத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உரையாற்றினார். 2016 ஏப்ரல் 30 அன்று, யூபிலி ஆண்டில், திருத்தந்தை பிரான்சிஸ் ரோட்டரியினரை வரவேற்றார். அப்போது அச்சங்கத்தின் உலகத் தலைவர், நம் அண்டை நாடாகிய இலங்கையின் கே. ஆர். ரவீந்திரன்.

அவர்கள் 1985-இல் இளம்பிள்ளை வாதத்தை உலகினின்று ஒழிக்க உறுதி பூண்டவர்கள். நம் நாட்டில் அரசும் எண்ணற்ற ஊழியரும் வீடுவீடாகச் சென்று சொட்டு மருந்து அளித்த பெரும்பணிக்கு அவர்களும் தோள் கொடுத்தனர். இயற்கைக் கிருமியால் இந்நோய் கண்ட கடைசிக் குழந்தை, 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது. ஆப்கானிஸ்தானிலும் பாக்கிஸ்தானிலும் நோய் இன்னும் அற்றுப்போகவில்லை.

சங்க விழாக்களில் பொன்னாடையும் புகைப்படமும் சற்று மிகுதி என்பது என் எண்ணம். அதனால் சொட்டு மருந்தின் குணம் குறையப்போவதில்லை.

ஆகவே தாராளமாகச் சேரும், தம்பி. ஆனால் அதன் பொருட்டு நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையை விட்டு விலகாதிரும். மருத்துவ முகாம் ஒரே நாளில் முடிந்துவிடும். படுக்கையாய்க் கிடக்கும் மூதாட்டியின் வீட்டுக்கு வாரந்தோறும் யாரேனும் போயாக வேண்டுமே.