பதினான்கு வயதில் முடிந்துபோகும் பசி

செப்டம்பர் வந்துவிட்டால் நம் கல்லூரிகளுக்கு ஊட்டச்சத்தின்மீது திடீர்க் காதல் பிறந்துவிடுகிறது. 2018 முதல் ஆண்டுதோறும் ‘போஷன் மாதம்’ கொண்டாடப்படுகிறது. சுற்றறிக்கை வரும், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிறுதானியங்களால் கோலமிடுவார்கள், சுவரொட்டிப் போட்டி நடக்கும், துறைத்தலைவர் சமச்சீர் உணவின் இன்றியமையாமை பற்றி உரையாற்றுவார். அந்த அரங்கில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் காலையில் உண்டுவிட்டு வந்தனர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்பதற்கான படிவமும் இல்லை.

இந்தக் கூத்தின் அடியில் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது: மாணவர் சத்தின்றி வாடுவது அறியாமையால்தான் என்பது. கீரையில் இரும்புச்சத்து உண்டென்று தெரியாததால் இரத்தசோகை வருகிறதாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கூறுகிறது. உயிரியல் தேர்வில் ஹீமோகுளோபின் பற்றி விடையெழுதித் தேறி வந்த பெண்களும் அவர்களில் அடக்கம். விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துக் கல்லூரிக்கு வருபவளுக்கு நண்பகலில் ஒரு தட்டுச் சோறு வேண்டும். அதற்கு விடையாக அவளிடம் ஒரு வண்ணப்பென்சிலைக் கொடுத்து ‘சரிவிகித உணவு’ என்று வரையச் சொல்கிறோம்.

சட்டத்தின் நிலை இன்னும் விந்தையானது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு வழங்குமாறு ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனை உரிமையாக்கியது. இன்று ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை படிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம், 150 கிராம் தானியம் என்று எடைபோட்டு வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் அக்குழந்தை மைய அரசின் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. 1956, 1982 என்று ஆண்டுகளைச் சொல்லி நாம் பெருமிதம் கொள்ளும் தமிழ்நாட்டின் மரபும் பள்ளி வாசலைத் தாண்டவில்லை. பதினான்கு வயதுவரை உரிமையாக இருந்த உணவு, பதினெட்டு வயதில் தனிமனிதப் பொறுப்பாக உருமாறுகிறது. இடையில் அந்த வீட்டின் வருவாயில் என்ன மாற்றம் நிகழ்ந்தது?

மொழியியல் படித்தவர்களுக்கு ஒரு தொழில்நோய் உண்டு. அரசாணையில் எண்ணைப் பார்க்குமுன் சொல்லைப் பார்ப்போம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் முன்பு ‘பராமரிப்புப் படி’ என்றொரு கூறு இருந்தது. அதே ஆங்கிலச் சொல்லை நீதிமன்றத் தமிழ் ‘ஜீவனாம்சம்’ என்று பெயர்த்தது, உயிர்வாழ்வதற்குரிய பங்கு. 2021 வழிகாட்டு நெறிகளில் அது ‘கல்விப் படி’ ஆயிற்று. 2010இல் நிர்ணயித்த விகிதப்படி, விடுதியில் தங்கிப் பி.ஏ. படிக்கும் மாணவருக்குப் பராமரிப்புப் படி மாதம் 570 ரூபாய். புதிய நெறிகளின்படி அவருக்குக் கல்விப் படி ஆண்டுக்கு 6,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 500; நாளுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவருக்கு ஆண்டுக்கு 3,000, நாளுக்கு எட்டு ரூபாய். எட்டு ரூபாய்க்குத் தேநீர் கிடைக்கும் வளாகம் இருந்தால் சொல்லுங்கள், இடம்பெயர்ந்துவிடுகிறேன்.

தொகை சிறியது என்பது பழைய குறை. புதிய கேடு பெயரில் இருக்கிறது. பராமரிப்பு என்று அழைத்தவரை, இதனைக் கொண்டு ஒருவர் வாழ முடியுமா என்று கேட்க இடமிருந்தது. கல்விப் படி என்றானதும் அது புத்தகத்துக்கும் எழுதுகோலுக்கும் உரியதாகிவிட்டது. சோறு அந்த வாக்கியத்திலிருந்தே வெளியேற்றப்பட்டுவிட்டது.

பல்கலைக்கழக நிர்வாகமும் இதே இலக்கணத்தில்தான் எழுதுகிறது. அதன் கோப்புகளில் பசி என்ற சொல் இல்லை. ‘மெஸ் பாக்கி’ உண்டு. முதல் வகுப்புக்கு வராதவர்க்கு ‘வருகைக் குறைவு’. வந்தும் தலை சாய்ந்து கிடப்பவர்க்கு ‘ஆர்வமின்மை’. நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராதவரும் மூன்று மாத உணவுக்கட்டணம் தர இயலாதவரும் ‘நிலுவையின்மைச் சான்று’ என்ற ஒரே தாளில் சமமாகின்றனர்; அத்தாளின்றி ஆய்வேட்டை அளிக்க முடியாது. முன்பு நான் படித்த வளாகமொன்றில், ஒரு தட்டில் இருவர் உண்பது தண்டனைக்குரியது என்று மெஸ் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஏன் இருவர் ஒரு தட்டில் உண்கிறார்கள் என்பது அந்த அறிவிப்பை எழுதியவருக்குத் தோன்றாத வினா.

மாணவர்கள் வயதுவந்தோர், அவர்களின் உணவில் நிறுவனம் தலையிடலாகாது என்கிறார் ஒரு பேராசிரியர். நல்ல தாராளவாதம். ஆனால் 2023இல் மும்பை ஐஐடியின் விடுதி மெஸ்ஸில் சைவ உணவினர்க்கென மேசைகளை ஒதுக்கி, எதிர்ப்புத் தெரிவித்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தபோது இந்தத் தலையிடாக் கொள்கை எங்கே போயிற்று? யார் எந்த மேசையில் எதை உண்பது என்று கண்காணிக்க நிறுவனத்துக்கு நேரமிருக்கிறது. உண்டாரா என்று கேட்க மட்டும் அவர் வயதுவந்தவர் ஆகிவிடுகிறார்.

ஆய்வாளர்களுக்கென்ன, 37,000 வருகிறதே என்போரும் உளர். அது ஜேஆர்எஃப் பெற்றவர்க்கு, அதுவும் வரும்போது. மாதக்கணக்கில் தாமதமாகும் தொகைக்கு வட்டிக்கடைக்காரர் பொறுத்திருப்பதில்லை. மையப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட ஆய்வாளர்க்கு மாதம் 8,000. 2015இல் அதனையும் நிறுத்த முயன்றபோது தில்லியில் யுஜிசி அலுவலக வாசலில் மாணவர்கள் முற்றுகையிட்டார்கள். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் உயர்ந்தது. எட்டாயிரம் எட்டாயிரமாகவே நின்றது. கோடை விடுமுறையில் மெஸ் மூடப்படும். ஆய்வாளர்க்கு விடுமுறை இல்லை. (கையில் திறன்பேசி இருக்கிறதே என்று கேட்பவர்களிடம் ஒன்று மட்டும்: உதவித்தொகை விண்ணப்பத்தைத் திறன்பேசியில் நிரப்பச் சொன்னது யார்?)

நல்லெண்ணம் கொண்ட சிலர், வறிய மாணவர் பட்டியலைத் தாருங்கள், புரவலர்களைத் தேடித் தருகிறோம் என்கிறார்கள். பணிவுடன் மறுக்கிறேன். பள்ளிச் சத்துணவு நிலைத்ததற்கு ஒரு காரணம், வரிசையில் அமர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வாளியிலிருந்து பரிமாறப்பட்டது. வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் காட்டி வாங்க வேண்டிய சோற்றுக்கு இருபது வயதில் எவரும் கைநீட்டமாட்டார். பட்டியல் ஒட்டப்பட்ட நாளிலேயே யார் யார் என்று வகுப்புக்குத் தெரிந்துவிடும். பசியைவிட அது கூடுதலாகத் தின்னும். எனவே பட்டியல் வேண்டா. அரசுக் கல்லூரிகளில் நண்பகலில் எல்லோர்க்கும் ஒரு வேளை உணவு வேண்டும்.

நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்கள் ஆந்திரத்தைப் பார்க்கலாம். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள் நடக்கும் அரசு இளநிலைக் கல்லூரிகளுக்கு 2025 ஜனவரியில் அங்கே மதிய உணவு நீட்டிக்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் இழுத்த கோடு நகரக்கூடியதே. குறைந்த விலையில் பெருந்திரளுக்குச் சமைக்கும் வழி அரசுகளுக்குத் தெரியாததும் அன்று. சென்னையில் 2013இல் அம்மா உணவகமும் பெங்களூரில் 2017இல் இந்திரா கேன்டீனும் திறக்கப்பட்டன. அந்தச் சமையற்கூடங்களில் ஒன்று வளாகத்துக்குள் ஏன் இருக்கக்கூடாது?

உயர்கல்விக்கான அனைத்திந்திய ஆய்வு, 2021-22இல் 4.33 கோடி மாணவர்களை எண்ணியது. தேசியத் தரவரிசைக் கட்டமைப்பில் ஐந்து தலைப்புகள். பிறர் அந்நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதற்குக்கூட மதிப்பெண் உண்டு. மாணவர் உண்டனரா என்பதற்கு இல்லை. எண்ணப்படாதது கோரப்படாது, எனவே எண்ணும் வேலையை நாமே தொடங்குவோம். ஆய்வாளர் மன்றங்களில் இருக்கும் நண்பர்கள் அவரவர் நிறுவனத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மூன்று வினாக்களை அனுப்புங்கள்: சென்ற கல்வியாண்டில் மெஸ் பாக்கிக்காக எத்தனை பேரின் தேர்வு நுழைவுச்சீட்டு அல்லது நிலுவையின்மைச் சான்று நிறுத்தப்பட்டது? உதவித்தொகை உரிய நாளிலிருந்து சராசரியாக எத்தனை நாள் கழித்து வழங்கப்பட்டது? ஆண்டில் எத்தனை நாள் மெஸ் மூடப்பட்டிருந்தது? பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் விடை வரவேண்டும். வரும் விடைகளையும் வராத விடைகளையும் இப்பதிவின் கீழே இடுங்கள், தொகுத்து அடுத்த மாதம் வெளியிடுகிறேன்.