கூலி உயர்வு கேட்பது குற்றமா?

மல்லசமுத்திரம் ஏலத்தில் பருத்திக்குக் கூடுதல் விலை கிடைக்கவேண்டுமென்று விவசாயி விரும்புகிறான். நூல் விலை ஏறினால் வியாபாரி துணி விலையை ஏற்றுகிறான். இவற்றை எவரும் குற்றமென்று சொல்வதில்லை. அரிசி விலை ஏறிவிட்டதே என்று விசைத்தறித் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால் மட்டும் அவனை நன்றி கெட்டவன் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

நாமக்கல் ஜில்லாவின் தறிக் கொட்டகைகளில் 12 மணி நேர வேலை சர்வ சாதாரணம். "முன்பணம் வாங்கினாயே, அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசு" என்ற ஒரு வார்த்தையே அங்கே பலருடைய வாயை அடைத்துவிடுகிறது. முன்பணம் கொடுத்தவர் தொழிலாளியின் வாயையும் விலைக்கு வாங்கிவிடவில்லை. கடனைக் காட்டி ஒருவனைப் பெயரளவுக் கூலிக்கு உழைக்கச் செய்வதும், வேறிடம் போகவொட்டாமல் தடுப்பதும் கொத்தடிமைத்தனம் என்று 1976-ம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23-வது ஷரத்து விலக்கிய கட்டாய உழைப்பே என்று சுப்ரீம் கோர்ட்டு 1982-ல் தீர்ப்பளித்தது. அக்கூலியை ஐந்து வருஷத்துக்கு மேற்படாமல் மறுபரிசீலனை செய்யவேண்டுமென்று 1948-ம் வருஷத்துச் சட்டமே விதித்தது. விலைவாசி ஏறக் கூலியும் ஏறவேண்டும் என்பதே அதன் தாத்பரியம்.

தறி உடைமையாளரில் பலர் வியாபாரியிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள். அவர்களுடைய கஷ்டத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் கோயம்புத்தூர், திருப்பூர் ஜில்லாக்களில் அத்தகையோர் 2022-ம் வருஷத் தொடக்கத்தில் நெசவுக் கூலி உயர்வு கோரித் தறிகளையே நிறுத்தினார்கள். தாம் வியாபாரியிடம் கேட்பது நியாயமானால், தம்மிடம் தொழிலாளி கேட்பது எப்படி அநியாயமாகும்?

தொழிலாளருக்கும் ஒரு வார்த்தை. தனியாகக் கேட்பவனை விலக்குவது எளிது. கொட்டகை முழுவதும் கேட்டால் விலக்க முடியாது. வேலை செய்த மணி, வாங்கிய கூலி, கடைசியாக உயர்வு கிடைத்த தேதி, முன்பணத்தில் கழிந்த தொகை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அக்கணக்கோடு, எல்லோரும் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் கொடுங்கள். தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் 1908-ம் வருஷம் பிப்ரவரியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை, ஸ்ரீ சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தலைமையில் ஒன்றுபட்டு நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு ஓய்வும் பெற்றார்கள். அந்நிய ஆட்சியிலேயே கிடைத்தது, சுதந்திர நாட்டில் கிடைக்காமற் போகலாமா?

கூலி உயர்வு பிச்சையன்று, உழைப்பின் விலை. அதைத் தலை நிமிர்ந்து கேட்பதே முறை.