அச்சம் தீர்ப்பது அதட்டல் அன்று

கொவிட்-19 நோயின் சர்வதேச அவசரநிலை நீங்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 ஆம் திகதி அறிவித்தது. ஆனால், அந்நோயோடு வந்த ஐயம் மட்டும் நம் வீடுகளை விட்டு இன்னும் அகலவில்லை. காய்ச்சலுக்கான தடுப்பூசி என்றாலும், பிள்ளைகளுக்குப் பாடசாலையிற் போடும் ஊசி என்றாலும், "இதனால் ஏதும் வந்துவிடுமோ?" என்ற கேள்வி கற்றவர் வீட்டிலும் எழுகின்றது, கமக்காரர் வீட்டிலும் எழுகின்றது.

இவ்வாறு கேட்போரை அறிவிலிகள் என்று ஏசிவிட்டு அப்பாற் செல்வது அதிகாரத்தில் இருப்போர்க்கு எளிது. நாம் அதனை ஏற்கோம். தன் உடலிற் செலுத்தப்படும் பொருள் யாதென வினவுவது மனிதனின் உரிமை. விதை நெல் வாங்கப் போகும் கமக்காரன் அதனைக் கையில் அள்ளிப் பார்த்து, முளைக்குமா என்று கேட்டே வாங்குகின்றான். "கேள்வி கேளாதே, கொண்டுபோய் விதை" என்று சொல்லும் வியாபாரியிடம் அவன் மறுமுறை போவானா?

இவ்விடயத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. 1976 இன் தொடக்கத்தில், நியூ ஜேர்சி மாநிலத்தின் போட் டிக்ஸ் இராணுவ முகாமிற் பன்றிக் காய்ச்சல் தோன்றியது. இளம் போர்வீரர் ஒருவர் இறந்தார். 1918 இற் கோடிக்கணக்கானோரை மாய்த்த இன்புளுவென்சாவே திரும்பி வருகின்றதென நிபுணர் அஞ்சினர். நாட்டு மக்கள் அனைவருக்கும் தடுப்பூசி போடப்படும் என்று ஜனாதிபதி போர்ட் மார்ச் 24 ஆம் திகதி அறிவித்தார். ஊசியால் விளையக்கூடிய கேட்டுக்குப் பொறுப்பேற்கக் காப்புறுதிக் கம்பனிகள் மறுத்தன. ஆகவே, வழக்குகளை அரசாங்கமே ஏற்கும் என்று ஓகஸ்ட் மாதத்திற் சட்டம் நிறைவேறியது. ஒக்டோபரில் ஊசி போடத் தொடங்கினர். நான்கு கோடிக்கு மேற்பட்டோர் போட்டுக்கொண்டனர். எதிர்பார்த்த நோயோ முகாமைத் தாண்டிப் பரவவில்லை. ஆனால், ஊசி போட்டவர்களிற் சிலருக்குக் கை கால்களைச் செயலிழக்கச் செய்யும் கீயன்-பாரே என்னும் நரம்பு நோய் கண்டது. டிசம்பர் 16 ஆம் திகதி திட்டம் நிறுத்தப்பட்டது. இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவர் அவ்வூசியால் இந்நோய்க்கு ஆளாயினர் எனப் பின்னர் கணித்தனர்.

அவசரப்பட்டது அந்த அரசாங்கத்தின் பிழையாக இருக்கலாம். ஆயினும், கேடு புலப்பட்டதும் திட்டத்தை நிறுத்தினர். கேடுற்றோர் அரசாங்கத்திடமே நட்டஈடு கோரச் சட்டம் வழி வைத்திருந்தது. பிழை செய்யாத அரசு உலகில் இல்லை. பிழைக்குப் பொறுப்பேற்கும் அரசையே மக்கள் மீண்டும் நம்புவர்.

இதனைக் காட்டித் தடுப்பூசியே தீது என்று வாதிடுவோரும் உளர். அவர்கள் வழக்கின் மறுபக்கத்தை மறைக்கின்றனர். நூற்றாண்டு நூற்றாண்டாகக் கண்ணையும் உயிரையும் பறித்த பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததென 1980 இற் பிரகடனம் செய்யப்பட்டது. அதனை ஒழித்தது தடுப்பூசி. இலங்கையில் இளம்பிள்ளைவாதத்தாற் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை 1993 இற் காணப்பட்டது. அந்நோயைத் துரத்தியதும் தடுப்பு மருந்தே. இலட்சத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கை ஒளிக்கவும் கூடாது. இலட்சம் பேரைக் காக்கும் நன்மையை மறக்கவும் கூடாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2008 ஜனவரியில், ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி இங்கு அறிமுகமாயிற்று. ஊசி போட்டபின் சில குழந்தைகள் இறந்ததாகத் தெரிந்ததும், ஏப்ரல் மாதத்திலேயே அதனை நிறுத்தினர். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஆராய்ந்தனர். ஊசிதான் காரணம் என்பதற்குச் சான்றில்லை என்று கண்டபின், 2010 இல் மீண்டும் தொடங்கினர். தாய்மார் ஊசியைக் கைவிடவில்லை. குழந்தைத் தடுப்பூசியில் இலங்கை இன்றும் முன்னணியிலேயே நிற்கின்றது.

இதே நாட்டில் 2020 இல் நடந்தது யாது? கொவிட் நோயால் இறந்தோரை எரித்தேயாக வேண்டும் என ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி வெளிவந்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றனர். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே கூறியிருக்க, சான்று எங்கே என்று கேட்ட முஸ்லிம் சகோதரர்களுக்கு விடை கிடைக்கவில்லை. பிறந்து 20 நாளேயான சிசுவும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் தீக்கிரையாயிற்று. உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 1 ஆம் திகதி மனுக்களைக் காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரியில் அதே அரசாங்கம் அடக்கஞ் செய்ய அனுமதித்தது. அதற்குள் நிலத்தடி நீரின் இயல்பு மாறிவிட்டதா? 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த உடல்களை அந்த மன்னிப்பு மீட்டுத் தருமா?

2021 மே மாதத்தில், கமக்காரரை ஒரு சொற் கேளாது, இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து, வயல்கள் வாடியபின் நவம்பரிற் கைவிட்டதும் அவ்வரசாங்கமே. அவ்வாண்டிலேயே "எம்மை நம்பி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்" என்று அது மக்களை அழைத்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடத் தயங்குவதில் வியப்பென்ன?

அடுத்த பெருந்தொற்று வருமுன் அரசாங்கம் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, நோய் பற்றியும் ஊசி பற்றியும் வெளியிடும் ஒவ்வோர் அறிவித்தலும் சம்மதப் பத்திரமும் சிங்களத்தில் வரும் நாளிலேயே தமிழிலும் வரவேண்டும். 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. உயிர் பற்றிய விடயத்தில் அது ஏட்டளவில் நிற்றலாகாது. இரண்டாவது, ஊசியின் பின் நேரும் கேடுகள் பற்றிய முறைப்பாடும் ஆராய்வும் முடிவும் மக்கள் பார்வைக்கு வரவேண்டும். மூன்றாவது, ஊசியாற் கேடுற்றவர், எவரது கவனயீனத்தையும் நிரூபிக்கும் சுமையின்றி நட்டஈடு பெறச் சட்டம் உறுதி செய்ய வேண்டும். பிரித்தானியா 1979 இலும் அமெரிக்கா 1986 இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. எல்லோரின் நன்மைக்காக ஒருவர் தாங்கிய கேட்டை எல்லோரும் பகிர்ந்து சுமப்பதே நீதி.

நம் மக்களுக்கும் ஒரு சொல். கைத்தொலைபேசியில் வந்து சேரும் ஊர்பேர் தெரியாத செய்தி, செவிவழிச் செய்தியே. அதனை எந்த நீதிமன்றமும் சான்றாகக் கொள்ளாது. நாமும் கொள்ளலாகாது. கேளுங்கள், ஊர் வைத்தியரை, மருத்துவத்தாதியை, சுகாதார அதிகாரியைத் தெளியும்வரை கேளுங்கள். தெளிந்தபின் தயங்காதீர்கள். அரசாங்கத்தின் மீதுள்ள கோபத்தை வாக்குச் சீட்டிற் காட்டுவோம். நம் குழந்தையின் உடலிற் காட்டவேண்டாம்.

நம்பிக்கையை வர்த்தமானி மூலம் பிறப்பிக்க முடியாது. உண்மையைச் சொல்லி, காரணத்தைக் காட்டி, பிழைக்குப் பொறுப்பேற்றே அதனை ஈட்டவேண்டும். ஆட்சியில் இருப்போர் இதனை இன்றே உணர்வார்களா? அல்லது, அடுத்த நோய் வந்து உணர்த்தும்வரை காத்திருப்பார்களா?